சித்தி சொன்ன சுறாக் கதை

அந்தப் புத்தகத்தில் அடுப்புப் புகை மணக்கும். மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் எதுவும் தானாகக் காய்வதில்லை. உடுப்பும் விறகும் பள்ளிக்கூடக் கொப்பியும் எல்லாமே அடுப்புக்கு மேலிருந்த பரணில் ஏறி, இரண்டு நாள் புகையில் கிடந்து, ஓரம் மஞ்சளாகித்தான் இறங்கிவரும். சித்தியின் சுறாப் புத்தகமும் அப்படிப் பலமுறை ஏறி இறங்கியதில் தாள்கள் அப்பளம்போல் மொரமொரத்து, புரட்டும்போதெல்லாம் சத்தம் போடும். முன்னட்டையில் கறுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வாய் மட்டும் மேலே வந்துகொண்டிருக்கும். அந்த வாய்க்குள் எங்கள் லயம் முழுசாகப் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலையின் இடுப்பை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலத்தில் அந்த லயம் இருந்தது. ஐந்து வீடுகள். வீடு என்றால் "காம்பரா" என்று நாங்கள் சொல்லும் ஓர் அறை, அதன் பின்னால் கரியேறிய ஒரு சமையலறை, முன்னால் "இஸ்தோப்பு" என்கிற ஒடுங்கிய தாழ்வாரம், அவ்வளவுதான். ஐந்துக்கும் சேர்த்து நீளமாக ஒரே தகரக் கூரை. பின்சுவர் வெட்டிய மண்ணோடு ஒட்டியிருந்ததால் யாருக்கும் பின்கதவு கிடையாது, பின்சன்னலும் கிடையாது. முன்கதவைச் சாத்தினால், கம்பி போட்ட சின்ன முன்சன்னல் ஒன்றைத் தவிர, உள்ளே பகல் முடிந்துவிடும். வரிசையின் மேல்முனையிலிருந்து எங்களுடையது இரண்டாவது. தெளிந்த நாளில் இஸ்தோப்பில் நின்றால் தெற்கே தாழ்நாடு முழுவதும் விரிந்து கிடக்க, அதன் முடிவில் ஒரு வெள்ளிக் கோடு மினுங்கும். "அதுதான் கடலு" என்பார் அப்பா. அந்தக் கோட்டுக்கு மேல் எனக்குக் கடலைத் தெரியாது.

புஷ்பா சித்தி அம்மாவின் தங்கை. இருபத்திரண்டு வயது. தாய் தகப்பன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். அவள் கொழுந்து பறிக்கப் போகவில்லை. டவுனில் ஒரு சீடி கடையில் வேலை பார்த்தாள். கடையை நடத்திய ஜெரோம் அண்ணன் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் பக்கத்தில் "வேதக்காரவுங்க" என்பார்கள். கடையில் அப்போது எங்களைப் போன்ற தோட்டத்துச் சனங்கள் கேட்டு வாங்கியவை இரண்டே வகை: ஒன்று சாமிப் படம், இன்னொன்று தமிழில் குரல் மாற்றிய இங்கிலீசுப் படம். அந்த இரண்டாவது வகையில் பாம்பு, முதலை, வேற்றுக்கிரகத்து ஆள் எல்லாவற்றையும் தாண்டி, சுறாவுக்குத்தான் மவுசு. அதிலும் சாதாரணச் சுறா இல்லை. மனிதன் உண்டாவதற்குக் கோடி வருடம் முன்னால் வாழ்ந்து செத்துவிட்டதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருக்க, அடிக்கடலில் எங்கோ உயிரோடு இருந்து மேலே வந்துவிடுகிற சுறா. சித்தி அவ்வளவையும் பார்த்திருந்தாள். படமாக வந்த கதைகளில் ஒன்று புத்தகமாகவும் தமிழில் இருக்கிறது என்று எங்கிருந்தோ தேடிப்பிடித்து ஜெரோம் அண்ணன்தான் அவளுக்குக் கொடுத்தார்.

கதை இதுதான். கடலின் அடித்தரையைத் துளைத்து உலோகம் எடுக்கப் போகிறது ஒரு கம்பெனி. துளைக்கும்போது தரைக்குக் கீழே இன்னொரு கடல் இருப்பது தெரியவருகிறது. சூரியன் என்றால் என்னவென்றே அறியாத, மூடிக் கிடந்த கடல். அதிலிருந்து ஒரு சுறா வெளியே வருகிறது. இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே பெருத்ததால் அதற்குக் கண் இல்லை. சத்தத்தை வைத்துத்தான் இரை தேடும். கடலடியில் இரும்பால் கட்டிய ஒரு நிலையத்தில் ஒன்பது பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் இருமுகிறான், அவன் இருந்த அறை போய்விடுகிறது. ஒருவன் கையிலிருந்த சாவியைத் தவறவிடுகிறான், அவனும் போய்விடுகிறான். கடைசியில் லீனா என்ற பெண் மட்டும் ஒரு சின்ன அறையில் மிஞ்சுகிறாள்.

அதற்குமேல் எங்கள் புத்தகத்தில் பக்கங்கள் இல்லை. கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சித்தி சொன்னாள். அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டவள் அவளேதான் என்று எனக்கு அப்போது தெரியாது. சத்தம் போடப் பயந்து, யாராவது வருவார்கள் என்று மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தே லீனா அந்த அறைக்குள் செத்துப்போகிறாள் என்பதும், பல வருடங்கள் கழித்துப் பண்டாரவளையில் ஒரு பழைய புத்தகக் கடையில் இன்னொரு பிரதி கிடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

படம் வேறு மாதிரி. அதில் சுறாவுக்கு பஸ் சக்கரம் அளவுக்குப் பெரிய, சிவந்த கண்கள் உண்டு. லீனா கத்திக்கொண்டே இருப்பாள். ஒரு மீசைக்காரன் சின்ன மஞ்சள் வண்டியில் கடலுக்குள் பாய்ந்துவந்து அவளைத் தூக்கிப்போவான். லயத்தின் கடைசி வீட்டில் இருந்த பாக்கியம் அக்காவிடம் டிவி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொத்த லயமும் அவள் வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். மீசைக்காரன் வந்தபோது அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, "இவன்யா ஆம்பள!" என்றார். வீட்டுக்கு வந்ததும் சித்தி என்னிடம், "படம் எடுத்தவன் கதையக் கெடுத்துட்டான். கண்ணு இருக்க சுறாவுக்கு எவன் பயப்படுவான்?" என்றாள்.

அவள் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. கண் உள்ள சுறா கடலோடு நின்றுகொள்ளும். புத்தகத்துச் சுறாவோ தரைக்குக் கீழே இருப்பது. எங்கள் காம்பராவின் சிமெந்துத் தரையில், மேல்வீட்டுச் சுவர் ஓரமாக ஒரு வெடிப்பு இருந்தது. அதில் காதை வைத்துக் கேட்டால் எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடுவது கேட்கும். மலைக்குள் தண்ணீர் ஓடாதா என்ன, என்று இன்று சொல்லிவிடலாம். பதினொரு வயதில் நான் அந்த வெடிப்பை மிதிக்காமல் நடந்தேன், அதன் பக்கத்தில் பாத்திரத்தை மெதுவாக வைத்தேன், தும்மல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

புத்தகத்துக்குள் ஒரு கடிதம் இருந்தது. சித்தி அதை எடுத்துவைக்க மறந்த ஒரு நாள் அப்பா புத்தகத்தைக் கையில் எடுத்து, அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏது இந்தப் பொஸ்தகம்?" என்று கேட்டார். வீட்டில் அப்போது நான் மட்டும்தான். அப்பா என்னிடம் சிரித்துப் பேசுவதே அபூர்வம் என்பதால் எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. "ஜெரோம் அண்ணன் சித்திக்குக் குடுத்தது. உள்ளுக்கு ஒரு கடுதாசி கூட இருக்கு" என்றேன்.

அப்பாவின் சிரிப்பு மெதுவாகப் போனது. அவர் யாரையும் அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. மறுநாள் காலை "பெரட்டு" முடிந்து, அதாவது ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி முடிந்து, மற்றவர்கள் மலைக்கு ஏறத் தொடங்கியபின், சித்தியை உள்ளே இருக்கச் சொல்லி வெளியிலிருந்து கதவைப் பூட்டினார்.

"ஒன் நல்லதுக்குத்தான் புள்ள. தை பொறக்கட்டும், நம்ம சாதி சனத்துல நல்ல எடமாப் பாத்து முடிச்சிருவோம். அது வரைக்கும் நீ வெளிய தெருவப் போக வேணாம்" என்றார் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று. சித்தியின் போனை அவர் முந்தின இரவே வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னா செய்ய புஷ்பா, அவரு ஒரு முடிவு எடுத்துட்டாரு" என்று சொல்லிக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

சாவி ஒன்றுதான், அது அப்பாவின் சட்டைப் பையில். தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர் மத்தியானம் வந்து திறப்பார், எல்லாரும் சாப்பிடுவோம், மறுபடி பூட்டு. அவசரத்துக்கு மூலையில் ஒரு வாளி. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் உள்ளே விட்டுப் பூட்டுவார். "சித்தி சன்னல்ல நின்னு யார்கிட்டயாச்சும் பேசுனா எங்கிட்ட சொல்லணும்" என்று எனக்கு உத்தரவு. நான் காவல்காரி. அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சித்தி பாயில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்க, நான் கதவோரம் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூட்டு என்னையும் சேர்த்துத்தான் பூட்டியிருந்தது. ஆனால் அதைப் போடவைத்தது நான்.

சித்தி அழுதது முதல் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்து, சன்னல் கம்பிகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சத்தில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து எனக்குச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு மாதத்துக்குள் நாங்கள் அதை மூன்று முறை வாசித்துவிட்டோம். நிலையத்தில் எத்தனை அறை, எந்த அறைக்கு எந்தக் கதவு, ஒன்பது பேரில் யார் எப்போது போவார்கள் எல்லாமே எனக்கு மனப்பாடம். நான்தான் அப்பாவிடம் சொன்னேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். வாய்வரை வரும். பக்கத்தைப் புரட்டு சித்தி, என்று மட்டும் சொல்வேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. அதற்கு முந்தின வருடம்தான் மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியிருந்தது. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாவிட்டாலும், அதன் பிறகு மழை பெய்தால் எங்கள் பக்கத்தில் யாரும் கால் நீட்டித் தூங்கவில்லை. எங்கள் லயமும் ஆபத்தான இடம் என்று வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். போவதற்கு வேறு இடம் யாரும் சொல்லவில்லை. "மழை கூடுனா பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம்" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எவ்வளவு கூடினால் என்று யாருக்கும் தெரியாது. மலையூற்றைக் குழாய்வழி இறக்கிக் குளிக்கும் பீலியில் தண்ணீர் இரண்டு நாளாகச் செம்மண் நிறத்தில் விழுந்தது. மூன்றாம் நாள் காலை கொஞ்சம் வெளுத்ததும் எல்லாரும் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எனக்குக் காய்ச்சல். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் சித்தியையும் உள்ளே வைத்துப் பூட்டிப் போனார்.

பத்து மணி இருக்கும். நான் போர்வைக்குள் கிடந்தேன். சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். லொறி நிறையக் கல்லைக் கூரைக்குப் பக்கத்தில் யாரோ கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை, பெரிதாகிக்கொண்டே வந்தது. மேல்வீட்டுச் சுவர் ஒருமுறை முனகியது. அந்தப் பக்கம் ஏதோ மொத்தமாக உடைந்து விழுந்தது. எங்கள் கூரைத் தகரம் கீச்சிட்டு மடங்கியது. சன்னல் வெளிச்சம் கீழிருந்து மேலாக அணைந்துகொண்டே போய், கடைசியில் கைவிரல் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சியது. கதவு உள்பக்கம் வயிறு தள்ளிப் பிதுங்கி, அப்படியே நின்றது. பிறகு சத்தம் ஓய்ந்தது. கதவின் கீழிருந்து சேறு களிபோல மெதுவாக உள்ளே வரத் தொடங்கியது. பச்சை மண்ணும் நசுங்கிய தேயிலையும் சேர்ந்து ஒரு வாடை அடித்தது.

வந்துவிட்டது, என்றுதான் நான் நினைத்தேன்.

சித்தி கதவை இழுத்தாள், உதைத்தாள், "மாமா! அக்கா!" என்று கத்தினாள். பூட்டு அசையவில்லை. அது திறந்திருந்தால் அத்தனை சேறும் உள்ளே பாய்ந்து எங்களை மூடியிருக்கும் என்று பின்னாளில் ஒருவர் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். அப்பா அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. சித்தியின் கணுக்கால்வரை சேறு ஏறியிருந்தது. சன்னல் வழியாகவும் வழிந்தது. சித்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மேலே பார்த்தாள்.

லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் எழுப்பி நிறுத்திவிடுவார்கள். மிச்ச இடைவெளியைப் பலகையாலும் தட்டையாக்கிய தகரத்தாலும் நாங்களே அடைத்துக்கொள்வோம். சித்தி அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு அடுப்பில் ஏறி, அதிலிருந்து பரணில் ஏறி, கீழ்வீட்டுப் பக்கத்துத் தகரத்தில் ஓங்கி அடித்தாள்.

"சித்தி, வேணாம்! சத்தம் போடாத!" என்று நான் அழுதேன். அவள் கேட்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஏழெட்டு அடியில் தகரம் பிய்ந்தது. அவள் கையை நீட்டி என்னைப் பரணுக்கு இழுத்து, அந்த ஓட்டை வழியாகத் தள்ளினாள்.

மூன்றாவது வீடு வயதான ஒரு புருசன் பெண்சாதியுடையது. இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கேயும் கதவு பிதுங்கியிருந்தது, சேறு அடுப்படிவரை வந்திருந்தது. காலையில் மூடிவைத்த ரொட்டித் தட்டு சேற்றின்மேல் மிதந்துகொண்டிருந்தது. சித்தி குதித்தபோது அறுந்த தகரத்தில் இருந்த ஆணி அவள் உள்ளங்காலில் ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடுங்கிப்போட்டாள். அடுத்த சுவர் பலகை அடைப்பு, சீக்கிரம் உடைந்தது. நான்காவது வீட்டில் சேறு முழங்காலுக்குக் கீழே. இன்னொரு சுவர். இத்தனை வருடம் பக்கத்தில் வாழ்ந்தும் நான் ஒருநாளும் பார்க்காத அவர்களுடைய அலமாரியின் மேல்பக்கம், சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த பொட்டலங்கள், கூரையில் செருகியிருந்த செத்துப்போன பிள்ளையின் சட்டை எல்லாவற்றையும் உயரத்திலிருந்து பார்த்தபடி நாங்கள் வீடு வீடாகப் போனோம்.

ஐந்தாவது பாக்கியம் அக்காவின் வீடு. தரை காய்ந்திருந்தது. டிவியின்மேல் பூப்போட்ட துணி விரித்தபடி இருந்தது. சன்னலில் வெளிச்சம் இருந்தது. ஆனால் வேலைக்குப் போகிறவள் வீட்டைப் பூட்டாமல் போவாளா? அந்தக் கதவும் வெளியே பூட்டு. சித்தி குழவியைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. காலிலிருந்து இரத்தம் வழிந்து தரையெல்லாம் பரவியது. அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கத்திக் கத்தி அவளுக்குக் குரல் போயிருந்தது. மேலே மலைக்குள் மறுபடி ஏதோ உறுமியது.

"கத்துடி சாந்தி. சன்னல்ல நின்னு கத்து. எதுத்த மலையில ஆளுக நிக்கிறாங்க."

நான் தலையை ஆட்டினேன். "கத்துனா வரும்."

"என்னா வரும்?"

"சுறா. அதுக்குக் கண்ணு தெரியாது. சத்தத்துக்குத்தான் வரும்."

அவள் என்னைத் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. சேறு படிந்த கையால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கடசிப் பக்கத்துல என்னா இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அது நம்ம பொஸ்தகத்துல இல்லியே."

"நான் படிச்சிருக்கேன். கேளு. லீனா பயந்துகிட்டுச் சும்மாதான் இருந்தா. ரொம்ப நேரம் இருந்தா. யாரும் வரல. அப்பறம் ஒரு கம்பிய எடுத்தா. எடுத்து செவுத்துல டமார் டமார்னு அடிச்சா. நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்னு கத்துனா."

"சுறா?"

"வந்துச்சு. வந்து பாத்துச்சு. அவ்ளோ சத்தம் எங்குட்டுருந்து வருதுன்னே அதுக்குப் புரியல. மெரண்டு போயி வந்த வழியே திரும்பிருச்சு."

"படத்துல அப்பிடி வரலியே சித்தி."

"படத்துல ஒருத்தன் வந்து தூக்கிட்டுப் போவான். இது பொஸ்தகம். இதுல அவளா கத்துனா. அதுனாலதான் மத்தவங்களுக்கு அவ இருக்க எடம் தெரிஞ்சுச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கத்து, என் தங்கம்."

நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. சித்தி பாக்கியம் அக்காவின் அலுமினியச் சட்டியை எடுத்து அகப்பையால் தரையில் உட்கார்ந்தபடியே அடிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் என் பயத்தில் ஏதோ அவிழ்ந்தது. பிறகு நான் கத்தினேன். நான் இங்க இருக்கேன், நாங்க இங்க இருக்கோம், என்று அந்த மலையே கேட்கும்படி கத்தினேன்.

அம்மாவும் மற்றப் பெண்களும் ஏற்கெனவே கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து அப்பா அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார். முதல் வீடு இருந்த இடத்தில் மண்ணும் கல்லும் வேரோடு சாய்ந்த ஒரு மரமும்தான் இருந்தன. எங்கள் கதவு இருந்த இடம் என்று அவர் நினைத்த இடத்தில் முழங்காலிட்டு, மண்வெட்டி வரும்வரை காத்திருக்காமல், வெறுங்கையால் சேற்றை அள்ளி வீசிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய், "இங்கிட்டு! கடசி வீட்டுல சத்தம் கேக்குது!" என்று தோளைப் பிடித்து உலுக்கியும் அவருக்குப் புரியவில்லை. "உள்ளாறதான் இருக்காங்க. நான்தான் பூட்டிட்டுப் போனேன். நான்தான் பூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லிக்கொண்டே தோண்டினார்.

இரண்டு பேர் அலவாங்கால் பாக்கியம் அக்கா வீட்டுக் கதவை நெம்பித் திறந்தார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டாள். சித்தியைப் பெண்கள் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தபோதுதான் அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவருடைய விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. எழுந்து வந்தார். சட்டைப் பையில் கையைவிட்டுச் சாவியை எடுத்தார், அதை எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர்போல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புள்ளைக்குக் காய்ச்சல் மாமா. மழையில நிக்க வைக்காதீங்க" என்றாள் சித்தி. அவ்வளவுதான் அவள் பேசியது.

நாங்கள் வெளியே வந்து அரைமணி நேரத்தில் இரண்டாவது சரிவு வந்து மிச்ச லயத்தையும் மூடியது. பகல் என்பதால் யாரும் சாகவில்லை. சித்தியின் புத்தகமும் பாக்கியம் அக்காவின் டிவியும் உள்ளேயே போயின.

பள்ளிக்கூட மண்டபத்தில் சேலைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு வீடுகளாகப் பிரித்துக்கொண்டு இருந்தோம். அங்கே ஒரு நாள் சித்தியின் காலுக்கு மருந்து கட்ட நான் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அழுகையும் விக்கலுமாக அதைச் சொல்லிவிட்டேன். "நான்தான் சித்தி அப்பாகிட்ட சொன்னேன். கடுதாசிய."

"தெரியும்டி" என்றாள் அவள், காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "ஒன் வயசுல எங்கிட்ட கேட்டிருந்தா நானும்தான் சொல்லியிருப்பேன்."

தெரிந்துகொண்டுதான் அந்த ஒரு மாதமும் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

ஜெரோம் அண்ணன் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வந்தார். டவுன் கடைக்காரர்கள் சேர்ந்து திரட்டிய உடுப்புப் பொதி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, மண்டப வாசலிலேயே தயங்கி நின்றார். அப்பா ஒரு மூலையில், கட்டுப்போட்ட விரல்களை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நாளும் அவர் சித்தியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. அவர் எழுந்தார். பிள்ளைகள் உட்காரும் வாங்கு ஒன்றை இழுத்து வாசலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஒக்காருங்க தம்பி" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி ஊத்திக் குடு" என்றார். அம்மா போவதற்குள், "வேணாம், புஷ்பா குடுக்கட்டும்" என்றார்.

அப்பா வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதை நான் கேட்டதில்லை. சித்தி ஒரு காலை ஊன்றாமல் நொண்டி நொண்டிப் போய், யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கோப்பையில் தேநீரைக் கொடுத்தாள். ஜெரோம் அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தை பிறந்து டவுனில் இருந்த சின்ன வேதக் கோயிலில், அவர்கள் முறைப்படி, கலியாணம் நடந்தது. அப்பா கடைசி வரிசையில், எப்போது எழ வேண்டும் எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல், மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

இப்போது நான் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். சித்தியும் ஜெரோம் அண்ணனும் பண்டாரவளையில் இருக்கிறார்கள். சீடிகளை யாரும் வாங்காமல் போன பிறகு அவர் போன் திருத்தப் பழகிக்கொண்டார். அவர்களுடைய மகனுக்கு ஏழு வயது. அவன் போனிலேயே சுறாப் படம் பார்க்கிறான். போன மாதம் போயிருந்தபோது அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு சித்தி சொன்னாள்: "இப்ப வர்ற சுறா எல்லாம் கப்பலையே முழுங்குது. பயந்தான் வரமாட்டேங்குது." எங்களுக்கும் எங்களோடு மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் வேறு மலையில், தனித்தனியாகச் சின்ன வீடுகள் கிடைத்தன. அவற்றுக்குப் பின்கதவு உண்டு. நாலு பக்கமும் சன்னல் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமுவதோ வெங்காயம் வதக்குவதோ கேட்பதில்லை. லயத்தோடு அந்தச் சத்தங்களும் போய்விட்டன. அவை போனதில் எனக்கு வருத்தமென்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் இருந்தவர்களுக்கு அது வீடு. அதுவே அவர்களைச் சாகடிக்கவும் பார்த்தது.

போன சித்திரையில் அப்பாவும் நானும் கொஸ்லந்தையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அவர் திடீரென்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இருவரும் லயம் இருந்த மலைக்கு ஏறிப் போனோம். ஆபத்தான இடம், உள்ளே போகக்கூடாது என்ற பலகையும் துருப்பிடித்த கம்பி வேலியும் இருந்தன. அதற்கு அப்பால் ஆள் உயரத்துக்கு மானாப்புல். பீலி இல்லை, படிக்கட்டு இல்லை, ஒரு கல்கூட அடையாளத்துக்கு இல்லை. அப்பா வேலிக்கு மேலே கையை நீட்டி, "நம்ம வீடு இங்கினதான்" என்று ஓர் இடத்தைக் காட்டினார். எனக்கு அது இல்லை என்று பட்டது. இன்னும் கீழே, வலப்பக்கம் இருந்ததாகத்தான் ஞாபகம். சொன்னேன். அவர் யோசித்தார். கையைக் கொஞ்சம் நகர்த்தினார், பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார், அதுவும் சரியில்லை என்று தோன்றியதுபோலக் கையைக் கீழே போட்டார்.

"நீதான சொல்ற, அப்ப அங்கினதான் இருந்திருக்கும்" என்றார்.

எனக்கும் நிச்சயமில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. காற்றில் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க இறங்கி வந்தோம்.